மரபுரிமைப் பட்டியலும் திறப்பு விழா மலரும்

காலிக் கோட்டை 1988ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எதற்காகச் சேர்த்தார்கள் என்பதை அந்தப் பட்டியல் சுருக்கமாகவே சொல்கிறது. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஐரோப்பியர் கட்டிய அரண் நகரங்களுக்குள் இதுதான் மிகச் சிறந்த உதாரணம். 16ஆம் நூற்றாண்டு தொடக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியக் கட்டடக்கலையும் தென்னாசிய மரபுகளும் ஒன்றோடொன்று ஊடாடியதை இங்கே பார்க்கலாம் என்பது அதன் சாரம்.

வகுப்பில் இலக்கணம் படிப்பித்துப் பழகியவனுக்கு எந்த வாக்கியத்தைக் கண்டாலும் முதலில் எழுவாயைத் தேடுகிற பழக்கம் வந்துவிடும். 'கட்டினர்' என்பதற்கு எழுவாய் ஐரோப்பியர். 'ஊடாடின' என்பதற்கு எழுவாய் கலையும் மரபும். அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்கள் எந்த வினைக்கும் எழுவாயாக வரவில்லை. லெயின் பான் வீதியிலும் பெட்லர் வீதியிலும் தலைமுறை தலைமுறையாகக் குந்தியிருந்து கல் வியாபாரமும் கடை வியாபாரமும் செய்த சோனகக் குடும்பங்கள், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கோட்டைக்குள் அறபுக் கல்லூரி நடத்தத் தொடங்கிய மனிதர்கள், எல்லாரும் 'தென்னாசிய மரபுகள்' என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிப் போகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. கோட்டையைப் பார்க்கப் போகிறவர் எவரும் படம் எடுக்காமல் வராத இடம், வெளிச்சவீட்டுக்கு எதிரே நிற்கும் வெள்ளை நிற மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். தூரத்திலிருந்து பார்க்கிற வெளிநாட்டான் தேவாலயமென்றே நினைப்பான். கிட்டப் போய் பிறையைக் கண்டபிறகுதான் விஷயம் விளங்கும். ஐரோப்பியக் கட்டட முறையைச் சோனகர் எடுத்துத் தங்கள் தொழுகைக்கு ஏற்ப வளைத்துக்கொண்டதற்கு அதைவிட நல்ல சாட்சி அந்தக் கோட்டைக்குள் எங்கே இருக்கிறது? ஆனால் இன்றுள்ள பள்ளிவாசல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பியது. பட்டியல் தனக்கு வகுத்துக்கொண்ட காலமோ 19ஆம் நூற்றாண்டோடு முடிகிறது. மதிலுக்கு உள்ளே நிற்கிற கட்டடம், வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறது. எதிரேயுள்ள வெளிச்சவீடும் 1939இல் கட்டியதுதான் என்று சிலர் ஆறுதல் சொல்லக்கூடும். வெளிச்சவீட்டுக்கு ஜமாஅத் இல்லை. அதற்கு எழுவாய் தேவைப்படாது.

யாரோ வேண்டுமென்று செய்த சதி என்று இதை நான் சொல்ல வரவில்லை. மரபுரிமைப் பட்டியல்களை நாம் பக்தியோடு அல்லது கோபத்தோடு பார்க்கிறோமே தவிர, ஒரு பிரதியாக எடுத்து வைத்து வாசித்ததில்லை. எந்தப் பிரதியையும்போலே இதற்கும் ஆசிரியன் உண்டு, அவனுடைய பார்வைக்கோணம் உண்டு, அவன் பார்க்காமல் விட்ட பக்கமும் உண்டு. அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்தால்தான் எதிர்ப்பிரதி எழுதலாம். மனு எழுதுவதும் ஒரு எழுத்துத்தானே.

உள்நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலத்தில் எழுதப்பட்டது. எது தொன்மையான சின்னம் என்பதற்கு அது ஒரு திகதியை வைத்தது: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அந்த நாளுக்கு முந்தியதென்றால் தானாகவே தொன்மை. பிந்தியதென்றால் அமைச்சர் விசேடமாகக் கட்டளை பிறப்பித்து வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். சட்டம் பின்னர் திருத்தப்பட்டது, உண்மை. ஆனால் ராஜ்ஜியம் முடிந்த இடத்தில் பழமையும் முடிகிறது என்ற எண்ணம் நமது பாடப்புத்தகங்களில் இருந்தும், அதிகாரிகளின் தலையில் இருந்தும் இன்னும் முழுசாகக் கழரவில்லை. அரசன் கட்டியது, அரசன் கொடுத்தது, அரசன் காலத்தது என்றால் மரியாதை. வியாபாரி கட்டியதற்கு அவ்வளவு இல்லை.

இந்தத் திகதியைக் கொழும்புப் புறக்கோட்டையில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்திலிருந்து கொழும்புக் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு வளவு உடைமையாக வைத்திருக்கத் தடை இருந்தது. பிரித்தானியர் வந்த பிறகும் அந்தத் தடை தொடர்ந்து, 1832இல்தான் நீக்கப்பட்டது. ஆக, 1832க்கு முன் அங்கே சொந்தமாக வீடு வைத்திருக்க ஒரு சட்டம் விடவில்லை. 1815க்கு முந்திய வீட்டைக் காட்டு, அப்போதுதான் தானாகப் பழமை என்று இன்னொரு சட்டம் சொன்னது. இரண்டும் வேறு வேறு காலத்தில் வேறு வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்டவை. ஒன்றையொன்று அறியாது. ஆனால் ஒரே ஆளின் வாசலில் வந்து சந்திக்கின்றன.

அதனால்தான் புறக்கோட்டையில் இன்று ஒல்லாந்தர் காலத்து மாளிகையொன்று பிரின்ஸ் வீதியில் நூதனசாலையாக நிற்கிறது, 1982இல் திறந்தார்கள், நல்ல காரியம். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் இரண்டாம் குறுக்குத் தெருவில் ஜாமிஉல் அல்பார், நாம் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் சிவப்புப் பள்ளி என்றும் சொல்கிற பள்ளிவாசல். 1908இல் தொடங்கி 1909இல் முடித்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாகச் செங்கல், மாதுளம்பழம் போலக் குவிந்த கும்மட்டங்கள். வரைந்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. கட்டடக்கலைப் பட்டம் பெற்றவரல்லர். கட்டிக் கொடுத்தவர்கள் இந்திய முஸ்லிம் வியாபாரிகள். கொழும்பு வரும் வெளிநாட்டுப் பயணி இன்று அந்த நூதனசாலைக்குப் போகிறானோ இல்லையோ, இந்தப் பள்ளிக்கு முன்னால் நின்று படம் எடுக்காமல் போகமாட்டான். இந்தியாவின் கடற்கரையிலிருந்து வந்த ஒரு வியாபாரச் சமூகம், படித்த பொறியியலாளனைத் தேடிப்போகாமல் தன் ஆளையே நம்பி, இப்படி ஒன்றை எழுப்பியது ஏன், எந்தக் கட்டடங்களை மனதில் வைத்து எழுப்பியது என்று ஒரு முழு நூல் எழுதலாம். தமிழில் எழுதியிருக்கிறோமா?

கொம்பனித்தெருவை நினைத்தாலும் இதே கேள்விதான். வேகந்தைப் பள்ளிவாசல் 1786ஆம் ஆண்டளவில் மலாய்க்காரர் ஒருவரால் தொடங்கப்பட்டது. அந்தப் பகுதியின் தெருப்பெயர், பேச்சு, சாப்பாடு எல்லாவற்றிலும் மலாய் வாசம் இருந்தது. அண்மைய ஆண்டுகளில் அபிவிருத்தி என்று சொல்லிப் பழைய தெருமுகத்தை இடித்தபோது, டி சொய்சா கட்டடத்துக்காகக் கட்டடக்கலைஞர்களும் மரபுரிமை ஆர்வலர்களும் ஓரளவு குரல் கொடுத்தார்கள். அந்தக் குரல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நாம் அந்த விவாதத்தில் எங்கே நின்றோம் என்று தேடிப் பார்த்தால் நமது கைக்குப் பெரிதாக ஒன்றும் அகப்படாது.

இவ்வளவு நேரமும் பட்டியல்காரரைக் கதைத்தாயிற்று. இனி நமது பக்கம்.

நம்மிடமும் ஒரு பிரதி வகை இருக்கிறது. அதற்கு இலக்கியத்தில் இன்னும் யாரும் இடம் கொடுக்கவில்லை, ஆனால் ஊருக்கு ஊர் அச்சாகிறது: பள்ளிவாசல் திறப்பு விழாச் சிறப்பு மலர். என்னிடம் இப்படி ஒரு கட்டு சேர்ந்திருக்கிறது. ஊர் வரலாறு தேடுகிற ஆசிரியர்மாரிடம் இது எப்படியோ வந்து சேரும். வழவழத்த தாள். முதல் பன்னிரண்டு, பதினைந்து பக்கம் ஆசிச்செய்தி: அமைச்சர், பிரதியமைச்சர், மாகாண சபை உறுப்பினர், தவிசாளர், அவர்களுக்குப் பின்னால் ஹஸ்ரத்மார். பிறகு நிருவாக சபையின் குழுப்படம். பிறகு நன்கொடையாளர் பட்டியல். நடுவில் எங்கோ ஒரு மூலையில் மங்கலான ஒரு படம், அதற்குக் கீழே 'பழைய பள்ளிவாசல்' என்று இரண்டு சொல். எந்த ஆண்டு எடுத்தது, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது, ஒன்றும் கிடையாது.

'எமது பள்ளிவாசலின் வரலாறு' என்ற கட்டுரையையும் எடுத்துப் பாருங்கள். எல்லா மலரிலும் அது ஒரே அச்சில் வார்த்தது போலவே இருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அறபு வியாபாரிகள் வந்தார்கள், ஓலைக் கொட்டிலில் தொழுதார்கள், பிறகு மண்சுவர், பிறகு கல், ஜனத்தொகை பெருகியதால் இடம் போதாமல் போனது, அல்லாஹ்வின் உதவியால் இன்று கம்பீரமாக எழுந்து நிற்கிறது. ஆயிரம் வருஷத்தையும் அரைப் பக்கத்தில் தாண்டிப் போய்விடுகிறோம். பழைய பள்ளியில் எத்தனை தூண், என்ன மரம், எந்த ஊர் ஆசாரி கடைந்தது, ஹவுளுக்கு எங்கிருந்து தண்ணீர் வந்தது, மிம்பரில் என்ன செதுக்கியிருந்தது, ஓடு எங்கே வாங்கியது என்று கேட்டால் மலரிலே விடையில்லை. இடித்த ஆண்டு மட்டும் சரியாகப் போட்டிருக்கும், அடிக்கல் நாட்டியவரின் பெயரோடு.

பட்டியலின் வாக்கியத்தையும் நமது மலரின் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ஒற்றுமை தெரிகிறது. அங்கே கட்டடம் இருக்கிறது, அதில் இருந்த மனிதர் இல்லை. இங்கே மனிதர் இருக்கிறார்கள், படத்தோடு இருக்கிறார்கள், கட்டடம் இல்லை. ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கச் சொல்லிக் கேட்கிற மனுவுக்கு இரண்டும் வேண்டும். இந்தச் சுவர் எப்போது, எதனால், யாரால் எழும்பியது என்பது ஒரு பாதி. இதைச் சுற்றி எந்த மஹல்லா எப்படி வாழ்ந்தது என்பது மற்றப் பாதி. முதல் பாதிக்கு அளவும் ஆவணமும் வேண்டும். இரண்டாவது பாதிக்கு நமது வாய்வழிக் கதைகள் போதும் போதுமென்று இருக்கின்றன. ஆனால் அளவெடுக்க முன்னமே இடித்துவிடுகிறோம். ஆயிரம் வருஷம் என்று வாயால் சொல்லி, எண்பது வருஷத்துத் தூணை விறகு விலைக்குக் கொடுத்தால், அந்த ஆயிரத்தை யார் நம்புவார்?

அறபு வியாபாரிகள் பழங்காலத்திலேயே இங்கே வந்தார்கள் என்பதற்குச் சாட்சி இல்லாமலில்லை. அந்தச் சாட்சி நம் மலர்களில் கிடையாது, கல்லிலே கிடக்கிறது. கொழும்பு முஸ்லிம் மையவாடியொன்றிலிருந்து கிடைத்த கூஃபி எழுத்து மீசான் கல் ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிரதம நீதியரசராயிருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அக்கறைப்பட்டிராவிட்டால் அதை யார் வாசித்திருப்பார்? அடுத்தது காலியின் மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் திகதியோடு, சீனத் தளபதி செங் ஹோவின் பயணங்களோடு வந்த கல். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும் காணிக்கை. பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு உரியது. அந்தக் கல் 1911இல் காலியில் ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கிடந்த நிலையில் ஒரு பொறியியலாளரின் கண்ணில் பட்டது. இன்று தேசிய நூதனசாலையில் இருக்கிறது. இரண்டு கல்லையும் கவனித்தவர்கள் வெளியாட்கள். நமது மையவாடிகளில் இன்றைக்கும் பழைய மீசான் கற்கள் சாய்ந்தும் உடைந்தும் கிடக்கின்றன. சிரமதானம் என்று சொல்லிப் பிடுங்கி மதிலோரம் அடுக்குகிறோம். சில இடங்களில் உடுப்புத் துவைக்கிற கல்லாகவும் போயிருக்கிறது. அதில் அறபுத்தமிழில் ஏதாவது எழுதியிருக்கா என்று திருப்பிப் பார்க்கக்கூட ஆளில்லை.

இடிப்பதற்கு மார்க்கக் காரணமும் சொல்லப்படுவதுண்டு. கட்டடத்தில் என்ன இருக்கு, இபாதத்தில்தானே விஷயம். பழசைப் பேணுவது கபுறு வணக்கத்துக்குக் கதவு திறந்துவிடும் என்று. கபுறுகளைப் பற்றிய கருத்து வேறுபாட்டுக்குள் நான் போகவில்லை. அது உலமாக்களின் வேலை. ஆனால் பள்ளிவாசலின் மரத்தூணுக்கும் கபுறு வணக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்த வாதத்துக்கு ஆதாரமாக எல்லாரும் கைகாட்டுகிற சவூதி அரேபியாவையே பாருங்கள். 2002இல் மக்காவில் உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டையை இடித்தார்கள். துருக்கி கடுமையாகக் கண்டித்தது. அந்த இடத்தில் இப்போது மணிக்கூட்டுக் கோபுரத்தோடு ஹோட்டல்கள் நிற்கின்றன. அதே நாடு 2014இல் பழைய ஜித்தாவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பவளப்பாறைக் கல்லில் கட்டிய உயரமான வீடுகள், தெருவை நோக்கி நீண்ட மரக்கூட்டு ஜன்னல்கள், வியாபாரிகளின் மாளிகைகள், ஹாஜிகள் கடலால் வந்திறங்கிய துறை. பட்டியலில் அதற்கு வைத்த பெயரே 'வரலாற்று ஜித்தா, மக்காவின் வாயில்' என்பதுதான். வாயில் என்றால் போகிற வருகிற ஆட்கள் வேண்டும். அந்தப் பெயருக்குள் ஹாஜி இருக்கிறான். நமது மூத்தவர்கள் கப்பலேறிப் போய் இறங்கியதும் அதே துறையில்தான். காலியின் வாக்கியத்தில் நான் தேடிக் கிடைக்காத எழுவாய் ஜித்தாவின் தலைப்பிலேயே இருக்கிறது. எழுதத் தெரிந்தவன் எழுதினால் எழுவாய் வரும்.

பழமையின் எல்லைக்கும் வெளியூர் உதாரணம் ஒன்று. சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள், நம்மைப் போலவே வியாபாரத்துக்குக் கடல் கடந்தவர்கள், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிய ஜாமிஆப் பள்ளி, குச்சுப் பள்ளி என்று அழைக்கப்பட்ட அல் அப்ரார், நாகூர் தர்கா மூன்றையும் அந்த அரசாங்கம் 1974 நவம்பர் 19இல் தேசியச் சின்னங்களாக அறிவித்தது. குச்சுப் பள்ளியின் பெயரே அது முதலில் வெறும் குடிசையாக இருந்ததைச் சொல்கிறது. இன்றிருப்பது பிறகு கட்டிய கல் கட்டடம். அதற்காக யாரும் தள்ளிவைக்கவில்லை. தர்காவின் கதை கொஞ்சம் வேறு. 2011இலிருந்து அது இந்திய முஸ்லிம் மரபுரிமை நிலையம். கட்டடம் தப்பியது, ஆனால் காட்சிக்கூடமாகத்தான் தப்பியது. நூற்றைம்பது வருஷம் பாத்திஹா ஓதிய இடத்தில் கண்ணாடிப் பெட்டி. எனக்கு இதில் முழுச் சந்தோஷம் இல்லை. இடிந்து போவதைவிடப் பரவாயில்லை என்பது வரைதான்.

அந்தக் கவலை காலிக்கும் பொருந்தும். பட்டியலில் சேர்ந்த பிறகு அங்கே என்ன நடந்தது? 1994ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் காலி மரபுரிமை மன்றம் அமைந்தது. மதிலும் தெருவும் காப்பாற்றப்பட்டன. அதை மறுக்க முடியாது. ஆனால் வீட்டைத் திருத்துவதென்றால் பழைய முறையிலே திருத்த வேண்டும், அனுமதி எடுக்க வேண்டும், காசு வேண்டும். வாப்பா மௌத்தாகி ஏழெட்டு வாரிசு பங்கு கேட்கிற வீட்டில் யார் அந்தக் காசைப் போடுவது? அந்த நேரத்தில் ஹோட்டல்காரன் வந்து வாய் பிளக்கிற விலை சொல்கிறான். விற்றவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. மகளைக் கட்டிக் கொடுக்கவும் மகனைப் படிப்பிக்கவும் அந்தக் காசு உதவியிருக்கும். ஆனால் விளைவு என்ன? கடந்த இருபது வருஷத்தில் வீடு பல விடுதியாகவும் நகைக்கடையாகவும் தேநீர்க் கடையாகவும் மாறின. ஓடு இருக்கிறது, தூண் இருக்கிறது, திண்ணை இருக்கிறது. திண்ணையில் குந்துகிற மூத்தம்மா இல்லை. பட்டியலின் வாக்கியத்தில் ஆட்கள் இல்லாதது வெறும் நடைக்குறை என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஆட்களை எழுதாமல் விட்ட பட்டியல் ஆட்களைக் காக்கும் கடமையையும் எழுதாமலே விட்டுவிடும் என்பது காலித் தெருக்களில் நடந்தால் விளங்கும்.

கிழக்கிலே பிரச்சினை வேறு. அங்கே 'தொல்பொருள்' என்ற சொல்லே பயத்தைக் கிளப்புகிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்துக்கென்று தொல்பொருள் மரபுரிமை முகாமைத்துவத்துக்கான ஜனாதிபதி செயலணியொன்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பெரும்பாலோர் தமிழ் பேசுகிற அந்த மாகாணத்துக்கான செயலணியில், அறிவித்தபோது, தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இல்லை. கூரகல ஜெய்லானியில் நடந்ததும் எல்லாருடைய மனதிலும் ஆறாத புண்ணாகக் கிடக்கிறது. இந்த நிலையில் ஒரு நம்பிக்கையாளர் சபைத் தலைவரிடம் போய், பழைய பள்ளியைப் பதியுங்கள் என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? "சேர், சும்மா கிடக்கிற சங்க ஊதிக் கெடுக்காதீங்க. அவனுகள் வந்து ஒரு போட்ட நட்டிட்டுப் போனா, மறுகா பள்ளிக்குப் பெயின்ட் அடிக்கவும் கொழும்புக்குப் போகோணும்." இதை என்னிடம் ஒருவரல்ல, பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய பயத்துக்கு நியாயம் இருக்கிறது. அரசாங்கம் அந்தப் பயத்தைப் போக்க எதுவும் செய்ததாகவும் தெரியவில்லை.

ஆனாலும் பயத்துக்கும் தகவலுக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கலாம். தனியார் காணியிலோ வக்பு காணியிலோ உள்ள ஒரு சின்னத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமென்று அறிவித்தால் அதன் உரித்து அரசாங்கத்துக்குப் போய்விடுவதில்லை. இடிப்பதற்கும் மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். அறிவிக்க முன் ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இந்த அனுமதியை உபத்திரவம் என்று சொல்லலாம். ஆனால் நாளைக்கு வேறொருவன் வந்து இது பள்ளியே இல்லை என்று சொல்கிற நாளில், அதே வர்த்தமானித் தாள்தான் நமது கையில் இருக்கிற சாட்சி. பதியாமல் விட்டால் யாரும் தொடமாட்டார்கள் என்று நினைப்பது, உறுதி எழுதாத காணியை யாரும் பிடிக்கமாட்டான் என்று நினைப்பது போலத்தான். பள்ளிவாசல்களை வக்பு சட்டத்தின்கீழ் பதிந்துதானே இருக்கிறோம் என்று சிலர் கேட்பார்கள். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் அக்கறை நிருவாகத்திலும் சொத்திலும் கணக்கிலும். கும்மட்டத்தின் வயதைக் காப்பது அதன் வேலையல்ல.

வடக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணச் சோனகதெருவிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டபோது எடுத்துப்போக முடியாதவை வீடுகளும் பள்ளிகளும். திரும்பி வந்தவர்கள் கண்டவை கூரையில்லாத சுவர்கள். அந்தச் சுவர்களை எந்தப் பட்டியலின் எந்தப் பிரிவில் போடுவது? கட்டடக்கலையில் பெரிய விசேஷம் இல்லாமலிருக்கலாம். ஆனால் ஒரு முழுச் சமூகத்தை இரண்டே மணித்தியாலத்தில் தூக்கியெறிந்ததற்கு மண்ணில் மிஞ்சிய சாட்சி அவைதான். மீள்குடியேற்றத்துக்கு வீடு வேண்டும், புதுச் சுவர் வேண்டும். அதை யாரும் தடுக்கக் கூடாது. ஒரு வளவையாவது படம் எடுத்து, அளவெடுத்து, யார் வீடு என்று எழுதி வைத்துவிட்டுப் பிறகு உடையுங்கள் என்பதுதான் கேட்கக்கூடியது.

நமக்குச் சுவரைப் பேணத் தெரியாது என்று நான் சொன்னால் அது அநியாயம். காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலில் 1990 ஓகஸ்ட் 3இல் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்ட குண்டுகளின் துளைகள் சுவரிலே இன்றும் இருக்கின்றன. பூசி மறைக்கவில்லை. வர்த்தமானி வந்தா அதைக் காத்தது? யுனெஸ்கோ வந்தா? அந்தச் சுவர் என்ன சொல்கிறது என்பது ஊருக்கு விளங்கியிருந்தது. அதனால் அது நிற்கிறது. துயரம் எழுதிய சுவரை நமக்கு வாசிக்கத் தெரிகிறது. ஆசாரியும் கொத்தனாரும் எழுதிய சுவரை வாசிக்க இன்னும் பழகவில்லை, அவ்வளவே.

பழக என்ன வேண்டும் என்பதற்குப் பெரிய திட்டமொன்றும் தேவையில்லை. ஓ.எல். எழுதிவிட்டு மூன்று மாதம் வீட்டில் இருக்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு அளவு நாடா, ஒரு கைபேசி, ஒரு கொப்பி. பள்ளியின் பழைய உறுதி எந்த மரைக்காயர் வீட்டு அலுமாரியில் கிடக்கிறதென்று மோதினாருக்குத் தெரியும். எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். ஹவுள் எங்கே இருந்தது, குத்பாவில் பிடிக்கிற வாள் எங்கே போனது, நோன்பு முப்பதும் நகரா அடித்தது யார் என்று அவர்களைக் கேட்கலாம். திணைக்களத்துக்குப் போகிற மனு பிறகு எழுதலாம், எழுதாமலும் விடலாம். அந்தக் கொப்பி இருந்தால் மனு ஒரு கிழமை வேலை. அது இல்லாவிட்டால் அமைச்சரே நம்மவராக வந்தாலும் கட்டளைச் சட்டத்தின்கீழ் எதைக் காட்டி எதை அறிவிப்பார்?

அடுத்த திறப்பு விழா மலருக்கு ஆசிரியராக யாரைப் போடுவார்கள் என்றும் தெரியும்: ஊரில் தமிழ் படித்த ஒரு ஆசிரியரைத்தான். அப்படி யாருக்காவது இந்த வருஷம் அந்தப் பொறுப்பு வந்தால், ஆசிச்செய்திகளில் நாலைக் குறைக்கச் சொல்லி நிருவாகத்தோடு சண்டை பிடியுங்கள். நாலு பக்கம் கிடைத்தால் பழைய பள்ளியின் நிலப்படம் ஒன்றும், மிம்பரின் படம் ஒன்றும், தூண்களின் அளவும், அதைச் செய்த ஆசாரியின் பெயரும் போட இடம் போதும்.